ஆற்று மணலில் பதினோராம் வகுப்பு

சமூகப் பாடம் எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. ஆனால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கணக்கு வாத்தியாருக்குக் கரும்பலகையோடு வேலை முடிந்துவிடும். நமக்கு அதற்கப்புறம்தான் ஆரம்பம். ஓட்டுச்சாவடியா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பா, மந்திரி வருகிறாரென்று பிள்ளைகளை ரோட்டோரம் நிறுத்தி வைப்பதா, எல்லாவற்றுக்கும் தலைமை ஆசிரியரின் கண் நம் பக்கம்தான் திரும்பும். "ஊர் விஷயம்தானே, சமூகப் பாடம் பாத்துக்கட்டும்" என்பார். அந்த ஊர் விஷயம் ஒருநாள் என் வகுப்புக்குள்ளேயே ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வாரத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நடுவில் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். ஓய்வு பெற்றவளுக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

அப்போது நான் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், காவிரியின் தென்கரையில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம்; சம்பந்தப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தஞ்சாவூரில் காலை பாசஞ்சர் ஏறி, பூதலூரில் இறங்கி, அங்கிருந்து பஸ். கழகம் ஆட்சிக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பையன்களுக்கு மேடைப் பேச்சு தலைக்கேறிப்போய், அக்பரின் ஆட்சி பற்றிக் கேட்டால்கூட "அன்பால் ஆண்டான், அறிவால் ஆண்டான்" என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். வருடத்தைக் கேட்டால்தான் வாயடைத்துப் போகும்.

அன்றைக்கெல்லாம் பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அந்த வகுப்பில் பாதிப் பேர் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பாதி, அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள். முதல் பாதியில் சந்தானம் இருந்தான். ஊரில் பெரிய மிராசுதாரின் மகன். இரண்டாவது பாதியில் செல்வராணி. அவளுடைய அப்பா காத்தமுத்து, விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அந்த ஊரில் தலைவர். அவர்கள் தெருவிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்த முதல் பெண் அவள்தான். அவள் பரீட்சை எழுதிவிட்டால் பின்னாலேயே நாலு பெண்கள் வருவார்கள், எழுதாமல் நின்றுவிட்டால் அந்தத் தெருக் கதவு இன்னும் பத்து வருடத்துக்குத் திறக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சம்பா அறுவடை நேரம். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு வேலைநிறுத்தம். மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுப்பில் இறக்கினார். வயலில் கைகலப்பு, இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. அதோடு இரண்டு பக்கமும் ஒரு சபதம் போட்டன. கூலி தீரும்வரை பண்ணை மண்ணில் கால் வைப்பதில்லை என்று சங்கத்துக்காரர்கள். அவர்கள் தெருப் பக்கம் எங்கள் வீட்டு ஆள் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை என்று மிராசுதார்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கினால் பள்ளிக்கூட வாசலில் போலீஸ் வேன். பதினோராம் வகுப்பில் பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் படுக்கை விரித்திருந்தார்கள். நான் வரைந்து மாட்டியிருந்த இந்திய வரைபடத்தின் ஆணியில் ஒரு பெல்ட் தொங்கியது. தலைமை ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மேலிடத்து உத்தரவும்மா. ஒரு வாரமோ பத்து நாளோ. நீங்க வராண்டாவுல வச்சு சமாளிங்க."

வராண்டாவில் சமாளிக்கலாம். ஆனால் யாரை வைத்து? வகுப்பில் பாதிதான் வந்திருந்தது. எந்தப் பாதி என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்த பாதிக்குப் பாடம் நடத்திவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். என்னை யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். திருத்த வேண்டிய மாதிரித் தேர்வுத் தாள்கள் ஒரு கட்டு, ஆண்டு விழா நாடகத்துக்கு ஒத்திகை, பத்தாம் வகுப்பின் வரைபடப் பயிற்சி என்று அந்த வாரம் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. ஆனால் பொதுத்தேர்வுக்கு முன்னால் இருந்த கடைசி வாரங்கள் அவை. அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்த பிள்ளை அறுவடைக்குப் போகும், அடுத்து கல்யாணத்துக்குப் போகும், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாது.

செவ்வாய்க்கிழமை மதியம் காத்தமுத்து வீட்டுக்குப் போனேன். மனிதர் தலையில் கட்டுப் போட்டிருந்தார். குரல் மட்டும் குறையவில்லை.

"டீச்சரம்மா, ஒங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா போலீஸு படுத்திருக்கற எடத்துக்கு வயசுப் புள்ளைய நான் அனுப்ப மாட்டேன். நீங்களா இருந்தா அனுப்புவீங்களா?"

மாட்டேன் என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

"வேற எடத்துல வச்சா?"

"வைங்க. எங்க வேணா வைங்க. அவரு மண்ணா மட்டும் இருக்கக் கூடாது."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வராணி, "சீக்கிரம் ஒரு எடம் பாருங்க டீச்சர். குடிமையியல் இன்னும் முடியல" என்றாள். ஏதோ நான்தான் வேண்டுமென்று பாடத்தை நிறுத்தி வைத்திருப்பது போல.

அங்கிருந்து நேராக மிராசுதார் வீடு. அவரும் மோசமாகப் பேசவில்லை. காப்பி கொடுத்தார். "என் களத்துல வச்சுக்குங்க டீச்சர். சும்மா கெடக்கற எடம், விஸ்தாரமா இருக்கு. கீத்துப் பந்தல்கூடப் போட்டுத் தர்றேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அந்தக் களத்தில் கால் வைத்தால் சங்கத்துப் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களின் சபதத்தை உடைத்தவர்கள் ஆகிவிடுவார்கள் என்பது அவருக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா, எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் ஊரைச் சுற்றி நடந்தேன். கோயில் மண்டபம்? அதன் தர்மகர்த்தா மிராசுதார். கூட்டுறவுச் சங்கக் கிடங்கு? தலைவர் அவரே. ரைஸ்மில் கொட்டகை அவருடைய மைத்துனருடையது. காத்தமுத்து தெருவில் ஒரு மைதானம் உண்டு, ஆனால் அங்கே சந்தானம் வர முடியாது. இத்தனை வருடம் அந்த ஊரில் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு வகுப்பு உட்காருகிற அளவுக்குப் பக்கம் சாராத மண் அங்கே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கால் ஓய்ந்து ஆற்றங்கரையில் நின்றேன். மேட்டூர் அடைத்து நாளாகியிருந்தது. காவிரி முழுக்க வெள்ளை மணல். பார்த்துக்கொண்டே நின்றவள், அடுத்த நிமிடம் கர்ணம் வீட்டுக்கு நடந்தேன், ஏறக்குறைய ஓடினேன். கர்ணம் என்றால் அன்றைக்கு ஊர் நிலக் கணக்கைப் பார்த்தவர்.

"ஆத்து மணல் யாருதுங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புறம்போக்கு. சர்க்காருது. ஏன், வாங்கப் போறீங்களா?"

புறம்போக்கு என்பதை நாம் திட்டுவதற்குத்தான் பயன்படுத்துகிறோம். அன்றைக்கு அதைவிட இனிப்பான வார்த்தையை நான் கேட்டதில்லை.

புதன்கிழமை காலை எல்லோரையும் ஆற்றுக்கு வரச் சொல்லியிருந்தேன். தென்கரையில் மிராசுதாரின் படுகை நிலம், அதில் வாழையும் ஓரமாக மூங்கில் தோப்பும். வெயில் ஏறினாலும் மூங்கில் நிழல் மணலில்தான் விழும். அதனால் அந்த நிழலில் வகுப்பு. சந்தானமும் மற்றவர்களும் படித்துறை வழியாக இறங்கி வந்துவிட்டார்கள். செல்வராணி கூட்டம் கரை மேலேயே நின்றது. வழக்கமான குறுக்கு வழி படுகைக்குள்ளேதான் போகிறது. அது பண்ணை மண். படித்துறை ஊருக்குப் பொது என்று பேர், ஆனால் அந்தத் தெருக்காரர்கள் அதில் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

செல்வராணி கரையிலிருந்து கத்தினாள். "டீச்சர், நாங்க சுடுகாட்டு வழியா வந்துடறோம்!"

கிழக்கே கொஞ்ச தூரத்தில் அவர்களுடைய சுடுகாட்டுக்கு இறங்குகிற பாதை ஒன்று இருந்தது. புறம்போக்குதான். பரீட்சைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளை அந்த வழியாக வரவைப்பதா என்று எனக்குச் சுருக்கென்றது. நான் மேலே ஏறிப்போய் அவர்களோடு அதே வழியாக இறங்கினேன். வகுப்பு முடிந்ததும் சந்தானம் கூட்டத்தோடு படித்துறை வழியாக ஏறினேன். அடுத்த நாளும் அப்படியே. ஆசிரியை எந்த வழியாக நடக்கிறாள் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கும்போது ஒரு வழி, ஏறும்போது மறு வழி என்று வைத்துக்கொண்டதால் என்னை யாரும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள முடியவில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை.

முதல் நாள் காத்தமுத்து பார்க்க வந்திருந்தார். சுடுகாட்டுப் பக்கம் நின்றபடியே கேட்டார்.

"டீச்சரம்மா, மணலு சர்க்காருது, சரி. அந்த மூங்கி அவருதாச்சே?"

"மூங்கில் அவருதுங்க. நெழலு மணல்ல விழுந்துட்டா சர்க்காருதுதான்."

கட்டுப் போட்ட தலையோடு அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி பலம் வந்துவிட்டது.

கரும்பலகை இல்லை. அதனால் மணலிலேயே டெல்டாவை வரையச் சொன்னேன். கல்லணைக்கு ஒரு செங்கல். அதிலிருந்து கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். காவிரியைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டிவிட்டார்கள், ஊற்று கசிந்து நிஜமாகவே தண்ணீர் நின்றது. முதலில் இரண்டு கூட்டமும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் குடமுருட்டி எங்கே பிரிகிறது என்று சந்தானமும் செல்வராணியும் சண்டை போட ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்து வந்து வரைபடத்தைச் சுற்றி நின்றுவிட்டார்கள். தாகம் எடுத்தபோது பக்கத்தில் இன்னொரு குழி தோண்டினார்கள். அந்த ஒரே ஊற்றில்தான் எல்லோரும் குடித்தார்கள். நான் அதைப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன், கண் கலங்கியது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமென்று.

வியாழக்கிழமை நடத்த வேண்டிய பாடம் என்ன தெரியுமா? நில உச்சவரம்பு. பாடத்திட்டத்தில் இருந்தது, தேர்விலும் வரும். அதைத் தள்ளிப் போடச் சொல்லித் தலைமை ஆசிரியர் ஆளனுப்பினார். தள்ளிப் போட்டால் நான் பயந்துவிட்டேன் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். நடத்தினேன். குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. முடிந்ததும் சந்தானம் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. அடுக்குமொழியெல்லாம் எங்கோ போயிருந்தது.

"அப்ப எங்கப்பா தப்பு பண்றாரா டீச்சர்?"

ஆமாம் என்றால் அவன் நாளைக்கு வர மாட்டான். இல்லை என்றால் மற்ற பாதி வராது.

"சந்தானம், சட்டம் என்ன சொல்லுதுன்னு நான் நடத்துவேன். அவங்கவங்க வீட்ல என்ன நடக்குதுன்னு நான் நடத்த மாட்டேன். நாளைக்கு ஓட்டுப் போடற வயசு வந்ததும் ஒங்களுக்கே தெரியும், அப்ப நீங்க முடிவு பண்ணுங்க. இப்ப பரீட்சைல இந்தக் கேள்வி வந்தா எழுதுவியா?"

"எழுதுவேன் டீச்சர்."

"அது போதும். ஒக்காரு."

அவன் உட்கார்ந்தான். செல்வராணி தன் நோட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் பாதியில் எழுதுவதை நிறுத்தியிருந்த வரியை விரலால் காட்டினாள்.

வெள்ளிக்கிழமைதான் பெரிய சோதனை வந்தது. முகாம் போட்டிருந்த போலீஸில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இரண்டு கான்ஸ்டபிள்களோடு படித்துறை வழியாக மணலில் இறங்கி வந்தார். செல்வராணி கூட்டம் எழுந்து ஓடத் தயாரானது. ஒரு பிள்ளை ஓடினால் அத்தனையும் ஓடும், அப்புறம் இந்த வருடத்துக்கு வகுப்பு இல்லை.

"யாரும் எழுந்திருக்கக் கூடாது. கேட்ட கேள்விக்குப் பதில் வரல இன்னும்" என்று அதட்டினேன். அப்படி என்ன கேள்வி கேட்டிருந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

"என்ன டீச்சர் இது? ஊர்ல தடை உத்தரவு இருக்கு. கூட்டம் கூடப்படாதுன்னு தெரியாதா?"

"கூட்டம் இல்லீங்க சார், வகுப்பு. எங்க ரூம்ல நீங்க தங்கியிருக்கீங்க. அதான் இங்க வந்துட்டோம்."

அவர் முகம் இறுகியது. சட்டம் பேசினால் அவர் காக்கிச் சட்டைக்குக் கோபம் வரும். அதனால் பேச்சை மாற்றினேன். "சந்தேகமா இருந்தா நீங்களே பிள்ளைங்கள ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க சார்."

அவர் யோசித்தபடி ஓர் அடி முன்னால் வைத்தார். அதுவரை ஓடப் பார்த்துக்கொண்டிருந்த செல்வராணி தன்னை மறந்து கத்திவிட்டாள்.

"சார்! சார்! கல்லணை மேல நிக்கிறீங்க!"

மனிதர் பதறித் துள்ளி விலகினார். ஒரு கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். ஆற்றைப் பார்த்தார், அதில் நின்ற தண்ணீரைப் பார்த்தார். வேறு குரலில் கேட்டார்.

"அப்போ தாமிரபரணி எங்கலே வரும்?"

சந்தானம் தெற்கே பார்த்தான். அளவு வைத்து நடந்தான். நடந்து, மணலைத் தாண்டி, கரை ஏறி, மூங்கில் தோப்புக்குள்ளே மறைந்துவிட்டான். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"சார், ஒங்க ஊரு எங்க தோப்புக்குள்ள இருக்கு!"

அப்புறம் யாரால் முடியும்? போலீஸ், பிள்ளைகள், நான், எல்லோரும் சிரித்தோம். "நடத்துங்க டீச்சர். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். போகும்போது கல்லணையைச் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுக்கத் தாசில்தார் கூலிப் பேச்சுக்கு இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எதற்காகத் தட்டிப்போனது தெரியுமா? இடத்துக்காக. மிராசுதார் வீட்டுக் கூடத்துக்குச் சங்கம் வராது, சங்கக் கொட்டகைக்கு மிராசுதார் வர மாட்டார். தாலுகா ஆபீசுக்குப் போனால் முதலில் போனவர் இறங்கிப் போனவர் ஆகிவிடுவார். சனிக்கிழமை காலை காத்தமுத்து தாசில்தாரிடம் சொல்லியிருக்கிறார்: "டீச்சரம்மா பாடம் நடத்துற எடத்துல வைங்க. புள்ளைங்க ஒக்காந்த எடத்துல நாங்க ஒக்கார மாட்டமா?" மிராசுதாரிடம் கேட்டபோது, "எம் பையனே அங்கதானே இருக்கான்" என்றாராம்.

தாசில்தார் ஜீப் கரையில் வந்து நின்றது. கையில் தொப்பியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "எந்தப் பக்கமா எறங்குறதும்மா?"

"சுடுகாட்டு வழியா எறங்குங்க சார். ஏறும்போது படித்துறை வழியா ஏறிடுங்க."

அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். ஆனால் அப்படியே செய்தார். பிள்ளைகள் வரைந்த டெல்டாவின் வடக்கே ஒரு கூட்டமும் தெற்கே ஒரு கூட்டமுமாக உட்கார்ந்தார்கள். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் ஐந்தாண்டுத் திட்டத்தை நடத்தினேன். அங்கே குரல் உயரும்போதெல்லாம் இங்கே நானும் குரலை உயர்த்தினேன். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கத்த முடியாது பாருங்கள். பொழுது சாய்வதற்குள் பேச்சு முடிந்தது. கூலி யாருக்கு எவ்வளவு சாதகமாக முடிந்தது என்பதில் இன்றும் அந்த ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. அடுத்த வருடம் மறுபடி தகராறு வந்ததும் உண்மை. ஆனால் திங்கட்கிழமை போலீஸ் வேன் போய்விட்டது. பெஞ்சுகளைப் பழையபடி போட்டோம். என் வரைபடத்தின் ஆணி கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு நல்லாசிரியர் விருது எதுவும் வரவில்லை. பரிந்துரைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. போகட்டும். அந்த ஊர்க் கூலிப் பேச்சு என் வகுப்பறையில் முடிந்தது என்று சொல்லிக்கொள்ள என்னைத் தவிர வேறு ஆசிரியை இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம்.

பொதுத்தேர்வு திருக்காட்டுப்பள்ளியில். முதல் நாள் காலை பஸ் நிறுத்தத்தில் என் வகுப்பு நின்றது. மிராசுதார் வண்டியில் வந்து மகனை இறக்கிவிட்டார். காத்தமுத்து நடந்து வந்தார். தலைக்கட்டு அவிழ்ந்து தழும்பு மட்டும் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை, ஆனால் பஸ் வரும்வரை இரண்டு பேருமே கிளம்பவுமில்லை. செல்வராணி முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

காத்தமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "டீச்சரம்மா, எல்லாம் வந்துருச்சான்னு ஒரு தடவ எண்ணிப் பாத்துக்குங்க."

நான் எண்ணவில்லை. அந்த வகுப்பில் ஒரு இடம் காலியாக இருந்தால் எனக்கு எண்ணாமலே தெரியும். கண்டக்டரைப் பார்த்து, "போலாம்" என்றேன்.